வில்லுப்பாட்டும் வெள்ளித்திரையும்

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக்குப் போகும் மலைப்பாதையில், தாமிரபரணி பாறைகளுக்கிடையே பொங்கி இறங்கி வரும் காட்டுக்குள்ளே சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே குடில் கட்டித் தங்கி, ஆற்றில் முழுகி, பொங்கலிட்டு வழிபட ஜனங்கள் திரள் திரளாக வருகிறார்கள். அவர்களில் பலர் பட்டவராயன் சந்நிதியில் கொண்டுவந்து சேர்க்கும் காணிக்கை மற்றக் கோயில்களில் எளிதில் காணக் கிடைக்காதது. கோயில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டிய பொருள் என்று நாம் எண்ணியிருக்கும் தோல் செருப்பைத்தான் அவர்கள் அந்தத் தெய்வத்துக்குப் படைக்கிறார்கள். படைத்த செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும் என்பதும், பட்டவராயன் அதை அணிந்துகொண்டு காடெல்லாம் காவல் சுற்றுகிறார் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை.

அந்தச் செருப்புக்கு ஒரு கதை உண்டு. முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு சகோதரிகளைக் காட்டில் கண்டு காதல் கொண்டான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை, தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைக்கும் குலத்தவன். பெண் கேட்டு வந்த பட்டனிடம் அவன், பூணூலை அறுத்துக் குடுமியைக் களைந்து, தன் குலத்தொழிலைக் கற்றுக்கொண்டு செருப்புத் தைத்துக் கொண்டுவந்தால்தான் மணம் என்று சொல்ல, பட்டன் அத்தனையும் மனமொப்பிச் செய்தான். மணம் முடிந்த கையோடு, மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான். மனைவியர் இருவரும் அவன் சிதையில் ஏறினார்கள். ஊர்க் கொடைகளில் வில்லின் நாணிலே வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்து ஒலிக்க, இந்தக் கதை இரவெல்லாம் பாடப்படுவதைக் கேட்டிருப்பவர்கள், பட்டன் வீழும் இடம் வரும்போது கேட்போர் கூட்டத்தில் பரவும் மௌனத்தையும் அறிந்திருப்பார்கள்.

செல்வமும் அதிகாரமும் வாய்க்காத ஜனங்கள், தங்களுக்காக வாழ்ந்து தங்களுக்காக மாண்டான் என்று தாங்கள் கருதும் ஒருவனுக்குக் கீர்த்தியைத் தாங்களே சமைத்துக் கொடுக்கிறார்கள். அரசன் கல்லிலே வெட்டுவித்துக்கொள்ளும் மெய்க்கீர்த்திக்கும் இந்தக் கீர்த்திக்கும் வேற்றுமை மிகப் பெரிது. முன்னது ஒருவன் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொள்வது, பின்னது ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. இந்த உண்மையைக் கைவிளக்காக ஏந்திக்கொண்டு சினிமாக் கொட்டகையின் இருட்டுக்குள் நுழைந்து, நம் காலத்தின் மிகப் பெரிய புகழ் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு ஆட்சியாக மாறியது, அதனால் ஏழை எளியோர் அடைந்ததும் இழந்ததும் எவை என்று ஆராய்ந்து சொன்ன சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைத் திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு நினைத்துப் பார்ப்பதற்கு நமக்குத் தனியானதோர் உரிமை உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

பாளையங்கோட்டையில் விளைந்த வித்து

அந்த உரிமையின் வேரை அறிய வேண்டுமானால் நா. வானமாமலையிடமிருந்து தொடங்க வேண்டும். நாங்குநேரியில் 1917-இல் பிறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி ஜீவனம் செய்துகொண்டே, எந்தச் சர்வகலாசாலையின் ஆதரவையும் எதிர்பாராமல் நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர் அவர். ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்ற தொகுப்பு 1964-இல் வெளிவந்தது. நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, இளைஞர்களை அழைத்து உட்காரவைத்துக் கட்டுரை எழுதப் பழக்கி, 1969-இல் ‘ஆராய்ச்சி’ என்ற பத்திரிகையையும் அவர் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றை மதுரைப் பல்கலைக்கழகம் நூல்களாக வெளியிட்டது.

பாடல்களைச் சேர்த்தவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். நா. வா. செய்த விசேஷம், ஒரே கதை இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறுகிறது, மாற்றியவர் யார், மாற்றியதன் நோக்கம் என்ன என்று கேட்டதுதான். முத்துப்பட்டன் கதையின் பிற்கால வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்களே, காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்ற செய்தி நுழைந்திருப்பதை அவர் சுட்டிக் காட்டினார். ஜாதியைக் கடந்த காதல் என்ற கதையின் உயிர்நிலையை அந்த ஒரு வரி இல்லாமற் செய்துவிடுகிறது. கதையைச் சகிக்க முடியாதவர்கள் கதையை அழிக்க முற்படவில்லை. கதாபாத்திரங்களின் பிறப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் சமைத்த புகழை மேலோர் எவ்வாறு தங்களுடையதாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்தப் பள்ளத்தாக்கின் வீரர்களில் வேறொரு வகையினரும் உண்டு. செல்வரிடம் பறித்து எளியோருக்கு ஈந்தவன் என்று பாடப்படும் ஜம்புலிங்கம், 1920களில் இந்த ஜில்லாவின் போலீஸாரால் தேடப்பட்டவன். அவனைப் பற்றி ஜனங்கள் பாட்டுக் கட்டினார்கள். களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணி வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1927-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அரசாங்க ஏட்டிலே கொள்ளைக்காரன், ஜனங்களின் பாட்டிலே தர்மவான், மிஷனரி அம்மையாரின் நூலிலே மனந்திரும்பிய ஓர் ஆத்மா. ஒரே மனிதனுக்கு மூன்று கீர்த்திகள். அவற்றில் எது மெய் என்று கேட்பது பழைய சரித்திரம். ஒவ்வொன்றும் யாருக்கு வேண்டியிருந்தது என்று கேட்பது பண்பாட்டுச் சரித்திரம்.

கொட்டகையைக் கண்டு கூசிய படிப்பாளிகள்

இத்தகைய கேள்வியைச் சினிமாவின்பால் திருப்புவதற்கு நம் கல்விமான்களுக்கு வெகுகாலம் மனம் வரவில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதற்குப் பின் இருபது வருஷங்களுக்குள் ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் டூரிங் கொட்டகைகள் முளைத்து, அறுவடை முடிந்த வயல்களின் ஓரத்தில் கூடாரம் எழும்பி, தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து உட்கார்ந்து, ரீல் மாற்றும் இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் படம் பார்க்கலானார்கள். ஜாதிக்கொரு தெருவும் தெருவுக்கொரு கிணறுமாக இருந்த ஊர்களில், காசு கொடுத்தவன் எவனும் ஒரே கூரையின்கீழ் உட்காரலாம் என்ற புதுமையை அந்தக் கொட்டகை கொண்டுவந்தது. செங்கோட்டையில் பிறந்து நாடக மேடையில் இணையற்ற கீர்த்தி பெற்று இருபத்தேழு வயதில் 1933-இல் மறைந்த கிட்டப்பாவின் குரலில் மயங்கியிருந்த அதே ஜனங்கள், திரையில் தோன்றிய முகங்களின்மேல் தங்கள் அபிமானத்தைச் சொரிந்தார்கள்.

படித்தவர்களோ இதைப் பாமரர் கேளிக்கை என்று ஒதுக்கினார்கள். நூல்நிலையங்கள் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்க்கவில்லை. சர்வகலாசாலைகள் நடிகரைப் பற்றி ஆராய்ச்சி செய்வதைக் கௌரவக் குறைவாக நினைத்தன. ஊமைப் படங்களின் காலத்தில் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களில் ஏறக்குறைய எல்லாமே இன்று அழிந்துபோனதற்கு, பிலிமின் எளிதில் தீப்பற்றும் இயல்பு ஒரு காரணம் என்றால், நம்முடைய அலட்சியம் இன்னொரு காரணம்.

இந்த அலட்சியத்தைக் கலைத்தவர்கள் சிலர். நாடார் சமூகத்தின் முன்னேற்றத்தைப் பற்றி 1969-இல் பெயர்பெற்ற நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இந்தச் சீமையின் சமூக வாழ்வை ஆராய்ந்த கையோடு, 1970களில் தமிழ்நாட்டின் நட்சத்திரங்களையும் ரசிகர் மன்றங்களையும் பற்றி எழுதினார். தபால் இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் வகித்துக்கொண்டே சினிமாச் சரித்திரத்தைத் துருவித் துருவித் தேடிய சு. தியடோர் பாஸ்கரன், சுதந்திரப் போராட்டக் காலத்தில் நாடகமும் சினிமாவும் ஆற்றிய பணியைப் பற்றிய தம் ஆங்கில நூலை 1981-இல் வெளியிட்டார். அதே 1981-இல் யாழ்ப்பாணத்து அறிஞர் கா. சிவத்தம்பி, தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகக் கண்டு ஒரு சிறு நூல் எழுதினார். சினிமாக் கொட்டகை தமிழனுக்குச் சமத்துவமாக உட்காரக் கிடைத்த முதற்பெரும் பொது இடம் என்று அவர் உணர்த்தியது பின்வந்தவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியே வந்தவர் பாண்டியன்.

நெல்வயலிலிருந்து வந்தவர்

பாண்டியன் கலைக் கல்லூரியில் சினிமா படித்தவர் அல்லர். அவர் பொருளாதாரம் பயின்றவர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் நாஞ்சில் நாட்டில் 1880 முதல் 1939 வரை வேளாண்மையும் நில உடைமையும் உழவர் வாழ்வும் எவ்வாறு மாறின என்பதே அவருடைய முதல் பெரிய ஆராய்ச்சி. நிலவரிக் கணக்குகளையும் நெல் விலையையும் கடன் பத்திரங்களையும் படித்துப் பழகிய கண்கள்தாம் பின்பு சினிமாவைப் பார்க்கத் திரும்பின. சென்னை அடையாற்றில், மால்கம் ஆதிசேஷய்யா 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் பணியாற்றிய காலம் அது.

திருப்பியது ஒரு மரணம். 1987 டிசம்பர் 24 அன்று திரை நடிகராக இருந்து முதலமைச்சரான எம்.ஜி. ராமச்சந்திரன் (எம்.ஜி.ஆர்.) காலமானபோது தமிழ்நாடு அடைந்த துயரத்தை நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கிராமத்துச் சந்திகளில் படத்துக்கு மாலையிட்டு, வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் தலைவிரித்து அழுத பெண்களையும், மொட்டையடித்துக்கொண்டு கருமாதி செய்த ஆண்களையும், துயரம் தாளாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட ஏழைகளையும் கண்டு, இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பாண்டியன் அவ்வாறு சொல்லவில்லை. தங்கள் வயிற்றையும் வாழ்வையும் நன்கறிந்த உழைப்பாளிகள் ஒருவர்மேல் இத்தகைய பக்தி கொண்டிருந்தார்கள் என்றால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும், அதைக் கண்டறிவது சரித்திரக்காரனின் கடமை என்று அவர் கருதினார். 1989-இல் ஒரு கட்டுரையாக முளைத்த அந்தச் சிந்தனை 1992-இல் ஆங்கில நூலாக மலர்ந்தது. அதன் தமிழாக்கம் பூ. கொ. சரவணன் மொழிபெயர்ப்பில் ‘பிம்பச் சிறை’ என்ற பெயரோடு, ஆசிரியர் மறைந்த பிறகு வெளிவந்தது.

அந்த நூலுக்கு அவர் ஆதாரமாகக் கொண்டவை தாமிரப் பட்டயங்களும் கல்வெட்டுகளும் அல்ல. படங்களின் கதை, வசனம், பாட்டு, சண்டை, உடை, ரசிகர்களுக்காக மலிவு விலையில் அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்புகள், மேடைப் பேச்சுக்கள், ரசிகர் மன்றங்களின் நடவடிக்கைகள். இவற்றோடு, நம் சீமையின் நிலவறையிலிருந்து வந்த ஒரு பொக்கிஷமும் சேர்ந்தது: ஜம்புலிங்கம், சின்னத்தம்பி, முத்துப்பட்டன், மதுரை வீரன் முதலானோரைப் பற்றிய கதைப்பாடல்கள்.

பழைய வீரனும் புதிய வீரனும்

எம்.ஜி.ஆர். படங்களையும் இந்தக் கதைப்பாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் பாண்டியனுடைய மேதைமை. படகோட்டி, தொழிலாளி, விவசாயி, மாட்டுக்கார வேலன், ரிக்‌ஷாக்காரன் என்று படங்களின் பெயர்களே உழைப்பவனைத் தலைவனாக நிறுத்துகின்றன. அந்தத் தலைவன் அநியாயம் கண்டால் நீதிமன்றத்துக்கு ஓடுவதில்லை. தானே கையோங்கித் தீர்ப்பு வழங்குகிறான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட குலத்திலே பிறந்திருந்தாலும் படிப்பின் அருமையைப் போதிக்கிறான். செல்வர் வீட்டுப் பெண்ணின் அகந்தையை அடக்கி அவள் காதலைப் பெறுகிறான். ஆயுதம், கல்வி, உயர்குலத்துப் பெண் ஆகிய இம்மூன்றும் மேலோர் தங்களுக்கென்று வேலியிட்டு வைத்திருந்தவை. அந்த வேலியைத் தாண்டிய குற்றத்துக்காகவே கதைப்பாடல்களின் வீரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். திரையிலே அதே வேலியைத் தாண்டுகிறவன் ஜெயித்துத் திரும்புகிறான்.

வேற்றுமையின் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். முத்துப்பட்டன் மாண்டான், மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான், கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். மாண்ட பிறகே அவர்கள் பீடம் ஏறினார்கள். சினிமாவின் வீரனோ மாளலாகாது. எம்.ஜி.ஆர். இறப்பதாக முடியும் படங்கள் மிகச் சிலவே. 1962-இல் வந்த ‘பாசம்’ படத்தில் அவர் இறப்பதை ரசிகர்களால் தாங்க முடியவில்லை. பின்பு வாழ்க்கையும் படத்தைப் பின்பற்றியது. 1967 ஜனவரி 12-இல் நடிகர் எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தும் பிழைத்து, கழுத்துக் கட்டோடு இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட, ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். 1984-இல் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபோது, அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் படச்சுருள் ஊர் ஊராகத் திரையிடப்பட, ஆண்டிபட்டித் தொகுதியில் மறுபடியும் ஜெயித்தார். மாண்டவனைத் தெய்வமாக்கிய ஜனங்கள், மாளாதவனை ஆட்சியாளனாக்கினார்கள் என்று இந்தச் சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

1956-இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ இந்த இரு உலகங்களும் சந்தித்த இடம். அருந்ததியர் குலத்து வீரனென்று தென்னாடு முழுதும் கும்பிடப்படும் தெய்வத்தை எம்.ஜி.ஆர். திரையில் நடித்துக் காட்டினார். வீரனை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதிகளாக, நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். தங்கள் குலதெய்வம் வெள்ளித்திரையில் பேசி, பாடி, வாள் சுழற்றுவதைக் கண்ட எளிய ஜனங்கள் அடைந்த பெருமிதம் சாதாரணமானதன்று. ஆனால் படத்திலும் வீரன் பிறப்பால் அரசகுமாரன். ஜோசியத்தின் பேரில் காட்டில் விடப்பட்டவன். பொம்மக்கா, திம்மக்காவின் பிறப்பை மாற்றிய அதே கை இங்கேயும் வேலை செய்திருக்கிறது. பாளையங்கோட்டையில் நா. வா. கற்றுக் கொடுத்த கேள்வியை அறிந்தவன் இந்தப் படத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். வீரன் வீரனாக இருப்பதற்கு ராஜ ரத்தம் எதற்காக வேண்டியிருந்தது என்று அவன் கேட்பான்.

சிறை என்று பெயரிட்டது எதனால்?

பிம்பத்தைச் சிறை என்று நூலின் தமிழ்ப் பெயர் அழைக்கும் காரணத்தை அமைதியாக ஆலோசிக்க வேண்டும். முசோலினியின் ஆட்சியில் 1926-இல் சிறைப்பட்டு, அங்கிருந்தே குறிப்பேடுகள் எழுதிய இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி, சாமானிய ஜனங்களின் பொதுப்புத்தியில் பழைய பணிவும் புதிய எதிர்ப்பும் பின்னிக்கிடக்கின்றன என்று கண்டவர். அந்தச் சிந்தனையைப் பாண்டியன் தமிழ் மண்ணில் பொருத்திப் பார்த்தார். திரையில் பண்ணையாரின் சவுக்கைப் பிடுங்கி அவனையே அடிக்கும் காட்சியில் கொட்டகை அதிரக் கை தட்டியவனுடைய ஆத்திரம் மெய்யானது. அது பல தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்தது. ஆனால் அந்த ஆத்திரத்தை ஒற்றைத் தலைவன் தன் கையில் வாங்கிக்கொண்டு, பண்ணையார் மனந்திருந்துவதோடு கதையை முடித்துவிடுகிறான். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுவதற்குள் திரை விழுந்துவிடுகிறது. ஜனங்களுடைய சொந்தக் கனவே அவர்களைச் சுற்றி மதிலாக எழும்பிவிடுவதைத்தான் அந்தப் பெயர் சிறை என்கிறது.

இங்கேதான் அவர் பயின்ற பொருளாதாரம் பயன்பட்டது. பாட்டை ஆராய்ந்த அதே மனிதர் வரவுசெலவுத் திட்டங்களையும் ஆராய்ந்தார். 1977 முதல் 1987 வரை நடந்த ஆட்சியில் அரசாங்கத்தின் வருமானத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் பார்த்தார். எளியோர் வாங்கும் பண்டங்களின் மீதும், 1981-இல் மதுவிலக்குத் தளர்ந்த பிறகு அவர்கள் குடிக்கும் சாராயத்தின் மீதும் விதிக்கப்பட்ட வரி கஜானாவை நிரப்பியதையும், செல்வர்கள்மேல் பாரம் ஏறாததையும் எடுத்துக் காட்டினார். திரையில் மதுவைக் கண்டித்த தலைவனின் ஆட்சிக்கு மதுவே பெரிய வருவாயாக அமைந்தது என்னும் உண்மை கசப்பானது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் பசி ஆறிய குழந்தைகள் லக்ஷக்கணக்கானவர்கள் என்பதையும், அந்த நன்றி தலைமுறை கடந்தும் நிலைத்திருக்கிறது என்பதையும் நாம் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். தராசின் இரண்டு தட்டுகளையும் ஏந்திப் பார்ப்பவனுக்குத்தான் நிறை தெரியும்.

நூலைப் படித்து வருந்தியவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஜனங்களை ஏமாளிகளாகக் காட்டிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அந்த ஆக்ஷேபணையில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது; கை தட்டியவன் எல்லாவற்றையும் நம்பித்தான் தட்டினான் என்று நாம் நிச்சயிக்க முடியாது. தன் அறியாமையினால் அல்லாமல் தன் மானத்தைக் காக்கவே அந்தப் பிம்பத்தைப் பற்றிக்கொண்டவனும் இருந்திருப்பான்.

பார்வையைத் திருப்பியவர்

பாண்டியன் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளை வரிசையாகப் படிக்கும்போது அவருடைய விசாரணை விரிந்துகொண்டே போனதை உணரலாம். 1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ படத்தைப் பற்றி 1991-இல் எழுதிய கட்டுரையில், மு. கருணாநிதியின் வசனத்தையும் சிவாஜி கணேசனின் முதல் தோற்றத்தையும் மட்டும் அவர் ஆராயவில்லை. அந்தப் படத்தைத் தடை செய்ய எழுந்த கூக்குரலையும், அதைச் சுற்றி நடந்த அரசியலையும் ஆராய்ந்தார். படம் என்பது பிலிம் சுருளோடு முடிவதன்று, அதைப் பற்றி ஊர் பேசிய பேச்சும் படத்தின் பகுதியே என்பது அவர் காட்டிய வழி.

1996-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் கண்ணாடியையே மறுபுறம் திருப்பினார். இதுவரை ரசிகனை ஆராய்ந்தவர், இப்போது ரசிகனைப் பழித்தவர்களை ஆராயத் தொடங்கினார். தமிழ்நாட்டின் படித்த மேல்வகுப்பார், பேசும்படம் வந்த காலத்தில் அதை வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தத்தளித்ததையும், தங்கள் சங்கீதமும் ரசனையும் பாமரர் கையில் சிதைந்துபோகுமென்று அஞ்சியதையும், அதனால் சினிமாவைச் சீர்திருத்தித் தங்கள் வழிக்குக் கொண்டுவர முயன்றதையும் அவர் விவரித்தார். நல்ல படம், கெட்ட படம் என்ற தீர்ப்புகளுக்குப் பின்னால் வகுப்பும் ஜாதியும் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. பிம்பத்தைக் கண்டித்த கையே பிம்பத்தை நேசித்தவனுக்காக வாதாடவும் எழுந்ததை எண்ணும்போது, அவருடைய உள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பின்பு அவர் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற பெயர்கள் தமிழ் அரசியலில் எவ்வாறு உருவெடுத்தன என்பதைப் பற்றி 2007-இல் பெரியதொரு நூல் எழுதினார். டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியராக இருந்தார். 2014 நவம்பர் 10 அன்று அங்கேயே காலமானார். நாஞ்சில் நாட்டு வயலிலே தொடங்கிய ஆராய்ச்சி, கொட்டகை, கட்சி, ஜாதி என்று எங்கெங்கோ சென்றாலும், அடக்கப்பட்டவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறான், அவ்வாறு நினைக்கவைப்பது எது என்ற ஒரே கேள்வியைத்தான் அது கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

நமக்கு விட்டுச் சென்றது

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. பாளையங்கோட்டை மண்ணில் வாழ்ந்து 2020-இல் மறைந்த தொ. பரமசிவன், உப்பிலும் உலக்கையிலும் தெருவோரத் தெய்வத்திலும் சரித்திரத்தைக் கண்டார். தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாக ஏற்று இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது. சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். அவர் கலைவாணருக்கும் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதி, வில்லுப்பாட்டை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோய், 2022-இல் மறையும் வரை அதைக் கைவிடாமல் இருந்தார். வில்லுக்கும் திரைக்கும் இடையே நடந்த போக்குவரத்துக்கு அவர் வாழ்க்கையே ஒரு பாலம்.

ஆயினும் செய்ய வேண்டியது மிச்சமிருக்கிறது. நம் வீடுகளின் பரணிலும் தகரப் பெட்டியிலும் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன; ரசிகர் மன்றத்தார் அடித்த நோட்டீசுகள், வாழ்த்து மடல்கள், கொட்டகையில் கொடுத்த கிழிந்த டிக்கெட்டுகள், கொடை விழாவின் அழைப்பிதழ்கள் கிடக்கின்றன. கறையான் அரிப்பதற்கு முன் அவற்றை எடுத்துத் துடைத்து, தேதியையும் ஊரையும் எழுதி வைக்க வேண்டும். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களாலும் துண்டுப் பிரசுரங்களாலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது என்பதை நினைத்தால், இந்தக் காரியத்துக்குப் பெரும் செல்வமோ பதவியோ தேவையில்லை என்பது விளங்கும். டூரிங் கொட்டகையில் படம் ஓட்டியவரும், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அழுதவரும், மன்றத்துக்குக் கொடி நட்டவரும் இன்னும் நம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்தப் படம் பிடித்தது என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் படம் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும்போது ஊரையும் பண்ணையையும் தங்களையும் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் கொடையில் முத்துப்பட்டன் கதையைக் கேட்கக் கூடுகிறவர்களுக்கு அவன் மாளப்போவது தெரியும். தெரிந்தும் வருகிறார்கள், தெரிந்தும் அழுகிறார்கள். ஒரு மனிதன் தன் குலப்பெருமையை அறுத்தெறிந்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டதற்காக ஓர் ஊரே நூற்றாண்டுகளாக நன்றி பாராட்டுகிறது. திரையின் வீரர்களுக்கு நாம் கொடுத்த புகழையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: எங்களுக்காக நீ எதை விட்டுக்கொடுத்தாய் என்று கேட்கலாம். பாண்டியன் அந்தக் கேள்வியை எழுத்திலே கேட்டார். சொரிமுத்து ஐயனார் கோயிலில் செருப்பைக் கட்டிவிட்டு மலையிறங்கும் பக்தன், அதற்குரிய பதிலைத் தன் தெய்வத்திடமிருந்து முன்னமே பெற்றுக்கொண்டவன்.